சிசிஆர்7 காணோம், சிஎக்ஸ்சிஆர்4 ஏறிப்போச்சு: கெமோகைன் ரிசெப்டார் ஸ்டெயினிங் சொதப்புனா எங்கெங்க பாக்கறது

செல்லு மேல ஆன்டிபாடியால கலர் ஒட்ட வெச்சு, லேசர் அடிச்சு ஒவ்வொரு செல்லாப் பாக்கற ஃப்ளோ சைட்டோமீட்டர் பக்கத்துல வேலை பாக்கறவங்களுக்கு இந்த ஃபோன் அடிக்கடி வரும்ங்க. "ஏனுங்க, சிடி3 வருது, சிடி4 வருது, எல்லாம் அழகா பிரிஞ்சு நிக்குது, இந்த சிசிஆர்7 மட்டும் வரவே மாட்டீங்குது, ஆன்டிபாடி கெட்டுப்போச்சுங்களா?" (சிடி3, சிடி4ங்கறது செல்லு மேல இருக்கற அடையாள புரோட்டீனுங்க, சிசிஆர்7 ஒரு கெமோகைன் ரிசெப்டார்.) கெட்டுப்போறதும் உண்டுதான். ஆனா முக்காவாசி நேரம் ஆன்டிபாடி நல்லாத்தான் இருக்கும், ரத்தம் எடுத்ததுல இருந்து ட்யூப்ல ஆன்டிபாடி விழற வரைக்கும் அந்த செல்லு என்னென்ன பாடு பட்டுச்சுங்கறதுலதான் விஷயம் கெடக்கும். அதனால புது வயல், அதாவது ஆன்டிபாடி குப்பி, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி இதை ஒருக்கா படிச்சிருங்க, ஒரு வயல் என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும்.

அடிப்படை சித்த சொல்லிக்கறேன், தெரிஞ்சவங்க தாண்டிப் போயிருங்க. கெமோகைன்ங்கறது செல்ல எடத்துக்கு எடம் கூப்பிடற சிக்னல் புரோட்டீன், சிசிஆர், சிஎக்ஸ்சிஆர்னு பேர் வரதெல்லாம் அது வந்து ஒட்டற ரிசெப்டாருங்க. இந்த ரிசெப்டார் எல்லாமே செல்லோட சவ்வுக்குள்ள ஏழு தடவை புகுந்து வெளிய வர புரோட்டீனுங்க, தறில ஊடை நூலு பாவுக்கு மேலயும் கீழயும் போய் வர மாதிரின்னு வெச்சுக்குங்க. அப்படி போய் வந்ததுல வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறது கொஞ்சூண்டுதான், என்-டெர்மினல்னு ஒரு சின்ன வாலு, அப்புறம் மூணு லூப்பு. ஆன்டிபாடி புடிக்கறதுக்கு எடமே அவ்வளவுதான். அதுலயும் நெறைய க்ளோனு (குறிப்பிட்ட ஒரே எடத்தப் புடிக்கற ஆன்டிபாடி வகை) அந்த லூப்பு சரியான வடிவத்துல மடிஞ்சிருந்தாத்தான் புடிக்கும், வடிவம் கலைஞ்சா போச்சு. இது போதாதுன்னு இந்த ரிசெப்டாரு ஒரே எடத்துல நிக்கறதும் இல்ல, அதோட கெமோகைன் வந்து ஒட்டுன கொஞ்ச நேரத்துல செல்லுக்குள்ள போயிரும், சிலது திரும்பி மேல வரும், சிலது உள்ளயே கரைஞ்சிரும். சிடி3 அளவுக்கு எண்ணிக்கையும் இருக்காது. இத மனசுல வெச்சுக்கிட்டா கீழ சொல்றதுல பாதிய நீங்களே சொல்லிருவீங்க.

ஒண்ணுமே வரல, எல்லா செல்லும் நெகட்டிவ்ல கெடக்குது

மொதல்ல பேஷன்ட் டேட்டாவ ஓரமா வெச்சுட்டு, அதே ட்யூப்ல அந்த ரிசெப்டார் கட்டாயம் இருக்க வேண்டிய செல்லப் பாருங்க. சிஎக்ஸ்சிஆர்5 தேடறீங்கன்னா பி செல்லுல பளிச்சுன்னு இருக்கணும். சிசிஆர்6 கூட பி செல்லுல நல்லா வரும். சிசிஆர்2 சாதா மோனோசைட்டுல, அதாவது சிடி14 அதிகம் சிடி16 இல்லாததுல இருக்கணும், சிஎக்ஸ்3சிஆர்1 அதுக்கு நேர் எதிரா சிடி16 இருக்கற மோனோசைட்டுல தூக்கலா இருக்கணும். சிஎக்ஸ்சிஆர்1, சிஎக்ஸ்சிஆர்2 ரெண்டும் நியூட்ரோஃபில்ல, சிசிஆர்3 ஈசினோஃபில்ல. சிசிஆர்7 வேணும்னா சிடி45ஆர்ஏ இருக்கற நெய்வ், அதாவது இன்னும் கிருமியப் பாக்காத, சிடி4 செல்ல மட்டும் கேட் பண்ணி, அதாவது கோடு போட்டுப் பிரிச்சுப் பாருங்க. அங்கயும் இல்லைன்னா ஸ்டெயினிங் தப்பு, அங்க இருந்து நீங்க தேடற செல்லுல மட்டும் இல்லைன்னா அது ரிசல்ட்டாக் கூட இருக்கலாம், ஆன்டிபாடிய வைய வேண்டியதில்ல. செல் லைன், அதாவது லேபுல வளர்த்துக்கிட்டே இருக்கற ஒரே வகை செல்லு, வேணும்னா ஜுர்காட்டுல சிஎக்ஸ்சிஆர்4 இருக்கும், சிசிஆர்5 பெருசா இருக்காது, ஒரே லைன வெச்சு ரெண்டையும் பார்த்துக்கலாம். சிசிஆர்9க்கு ரத்தத்துல தேடி அலையறதுக்கு மோல்ட்-4ங்கற செல் லைன வளர்த்துக்கறது சுளுவு.

பாசிட்டிவ் செல்லுலயும் வரலைன்னா வயல கையில எடுத்து லேபிளப் படிங்க. "மவுஸ் ஆன்டி-ஹியூமன்"னா எலில தயாரிச்சு மனுச செல்லப் புடிக்கற ஆன்டிபாடி, "ஆன்டி-மவுஸ்"னா எலி செல்லப் புடிக்கறது. பொது ஃப்ரிட்ஜுல ரெண்டும் ஒரே பெட்டில கெடக்கும், சிசிஆர்7க்கு 4பி12ன்னு ஒரு க்ளோன் இருக்குது, அது எலி செல்லுக்கானது, அத எடுத்து மனுச ரத்தத்துல போட்டுட்டு ஒக்காந்து வோல்டேஜ ஏத்தி ஏத்திப் பார்த்தா ஒண்ணும் வராது. அதுக்கப்புறம் ஆன்டிபாடில ஒட்டியிருக்கற கலருக்கு, அதாவது ஃப்ளோரோகுரோமுக்கு, உண்டான லேசர் உங்க மெஷின்ல இருக்குதான்னு பாருங்க, பிவி421 கலர வாங்கி வெச்சுட்டு வயலட் லேசர் இல்லாத பழைய மெஷின்ல ஓட்டறவங்களும் உண்டு. இதெல்லாம் கேட்டா சிரிப்பா இருக்கும், ஆனா இங்கதான் பாதி கேசு முடியும்.

வருது, ஆனா மங்கலா வருது. நெகட்டிவும் பாசிட்டிவும் ஒட்டிக்கிட்டு கெடக்குது

இது சிசிஆர்7காரங்களோட நிரந்தர புலம்பல். 1999ல சல்லுஸ்தோ, லான்சவெக்கியா குழுவினர் சிசிஆர்7ஐயும் சிடி45ஆர்ஏவையும் வெச்சு மெமரி டி செல்ல சென்ட்ரல் மெமரி, எஃபெக்டர் மெமரின்னு ரெண்டாப் பிரிச்சதுல இருந்து எல்லாத்துக்கும் சிசிஆர்7 வேணும், ஆனா அது சிடி45ஆர்ஏ மாதிரி சொன்ன பேச்சு கேக்காது.

மொதல் மருந்து டெம்பரேச்சர். மத்த ஆன்டிபாடிக்கு பழகுன கையி ஐஸ்ல வெச்சு ஸ்டெயின் பண்ணும், சிசிஆர்7க்கு ஐஸு ஆகாது. 37 டிகிரில, இன்குபேட்டர்லயோ வாட்டர் பாத்லயோ, 15ல இருந்து 30 நிமிஷம் வெச்சுப் பாருங்க, அதே வயலு அதே செல்லு, சிக்னல் நல்லாவே ஏறும். ரிசெப்டார் உள்ளயும் வெளியயும் சுத்திக்கிட்டு இருக்கறதால சூட்டுல அது மேல வர வர ஆன்டிபாடி புடிச்சுக்கும்ங்கறதுதான் பொதுவா சொல்ற காரணம். சிஎக்ஸ்சிஆர்3, சிசிஆர்4, சிசிஆர்6, சிஎக்ஸ்சிஆர்5 இதுகளுக்கும் சூடு ஒதவும், ஆனா க்ளோனுக்கு க்ளோன் வித்தியாசப்படும். அதனால ஒரே ரத்தத்துல மூணு ட்யூப் போட்டு ஐஸு, ரூம், 37 மூணையும் ஒருக்கா ஒப்பிட்டுப் பார்த்து உங்க பேனலுக்கு (ஒரே ட்யூப்ல போடற ஆன்டிபாடி கூட்டத்துக்கு) முடிவு பண்ணிக்குங்க, யாரோ சொன்னாங்கன்னு நம்ப வேண்டாம், நான் சொல்றதையும் சேர்த்துத்தான்.

இங்க ஒண்ணு சொல்லணும். புரோட்டோகால்ல ரூம் டெம்பரேச்சர்னு எழுதுனவன் 20, 22 டிகிரி ஏசி ரூம்ல ஒக்காந்து எழுதியிருப்பான். சித்திரை மாசத்துல கரூர்லயோ ஈரோட்டுலயோ ஏசி இல்லாத ரூம்ல அது 35 தாண்டும், மார்கழில வால்பாறைல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஸ்டெயின் பண்ணா அது வேற ரூம். அதே எஸ்ஓபி (எழுதி வெச்ச செய்முறை), அதே கையி, சீசனுக்கு சீசன் சிசிஆர்7 பர்சன்டேஜ் ஆடுதுன்னா இதத்தான் மொதல்ல சந்தேகப்படணும். நான் எஸ்ஓபில ரூம் டெம்பரேச்சர்ங்கற வார்த்தையவே விடறதில்ல, டிகிரிய எழுதி பக்கத்துல தெர்மாமீட்டரும் வெச்சுக்கோங்கன்னு சொல்லிருவேன்.

ரெண்டாவது ஆர்டர். கெமோகைன் ரிசெப்டார் ஆன்டிபாடிய மொதல்ல தனியா 37ல போட்டு, அதுக்கப்புறம் மிச்சத்த ரூம்லயோ ஐஸ்லயோ சேர்த்தா நல்லா வரும். எல்லாத்தையும் ஒரே காக்டெயிலா 37ல போடறவங்களும் உண்டு, அப்படிப் போட்டா சிடி3 மாதிரி ஆன்டிபாடி செல்ல எழுப்பி விடற வேலையையும் செய்யும்ங்கறத மறக்கக் கூடாது.

மூணாவது கலர். கம்மியா இருக்கற ரிசெப்டாருக்கு பளிச்சுன்னு இருக்கற கலர்தான் குடுக்கணும், பிஇ, ஏபிசி, பிவி421 இந்த மாதிரி. மங்கலான கலரான ஃபிட்சிய சிடி45க்கோ சிடி8க்கோ குடுங்க. பிஇல சிசிஆர்7 வெச்சுட்டு பக்கத்து சேனல்ல கொழுத்த சிக்னலா இன்னொண்ண வெச்சீங்கன்னா அதோட சிதறல் வந்து பிஇ நெகட்டிவ அகலமாக்கிரும், காம்பன்சேஷன், அதாவது அந்த சிதறலக் கழிக்கற கணக்கு, சரியா இருந்தாலும் அகலம் போகாது. காம்பன்சேஷன் கன்ட்ரோலுக்கு மங்கலான செல்ல நம்பாம பீட்ஸ்ல (ஆன்டிபாடியப் புடிக்கற குட்டி உருண்டைங்க) அதே வயல் ஆன்டிபாடிய போடுங்க, ஆனா மவுஸ்ல இல்லாம ரேட்டுல, அதாவது பெரிய எலி வகைல, தயாரிச்ச க்ளோனா இருந்தா, சிசிஆர்7 3டி12 அப்படித்தான், அதுக்கு ரேட் ஆன்டிபாடியப் புடிக்கற பீட்ஸ் வேணும், மவுஸுக்கான பீட்ஸ்ல ஒட்டலைன்னு ஒக்காந்து முழிக்கக் கூடாது.

டைட்ரேஷன் பண்ணாம 5 மைக்ரோலிட்டர்னு கம்பெனி சொன்னதயே போட்டுக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. அதிகமாப் போட்டா பாசிட்டிவ் ஏறாது, நெகட்டிவ்தான் ஏறும். ஒரு நாள் ஒதுக்கி பாதி பாதியாக் கொறச்சு டைட்ரேட் பண்ணீங்கன்னா ஸ்டெயினிங்கும் சுத்தமாகும், வயலும் ரொம்ப நாளைக்கு வரும்.

காலைல எடுத்தது நல்லா வருது, வெளியூர்ல இருந்து வந்தது வேற மாதிரி வருது

கோயமுத்தூர்ல மெஷின் இருக்கும், சாம்பிள் பொள்ளாச்சில இருந்தும் திருப்பூர்ல இருந்தும் பெருந்துறைல இருந்தும் வரும். ரத்தம் எடுத்தது எட்டு மணி, தெர்மாகோல் பெட்டில போட்டு பஸ்ல ஏத்தி அவினாசி ரோட்டு ட்ராஃபிக்கத் தாண்டி லேபுக்கு வந்து சேரும்போது மத்தியானம், டெக்னீஷியன் சாப்பிட்டு வந்து தொடும்போது மூணு மணி. சிடி4 கவுண்ட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்ல. கெமோகைன் ரிசெப்டாருக்கு இது ரொம்ப நேரம்.

இந்த நேரத்துல எல்லாமே கொறையும்னு நெனைக்காதீங்க, அதுதான் இதுல குழப்பமே. சிஎக்ஸ்சிஆர்4 ஏறும். டி செல்லுக்குள்ள சிஎக்ஸ்சிஆர்4 ஸ்டாக் இருக்குது, செல்ல வெளிய எடுத்து சூட்டுல வெச்சா அது மேல வந்துரும். நியூட்ரோஃபில்லயும் செல்லுக்கு வயசாக வயசாக சிஎக்ஸ்சிஆர்4 ஏறும், சிஎக்ஸ்சிஆர்2 எறங்கும். அக்கட்ட பார்த்தா ப்ளேட்லெட்டு உசுப்பேறி சிசிஎல்5ங்கற கெமோகைனக் கொட்டும், அது சிசிஆர்5ல போய் ஒட்டி உள்ள இழுத்துக்கிட்டுப் போயிரும். பஸ்ல குலுங்குன ட்யூபு, ஐஸ் பேக்கு நேரா ஒட்டி சில்லுன்னு ஆன ட்யூபு, இதெல்லாம் ப்ளேட்லெட்டுக்கு ஆகவே ஆகாது. அதனால "திருப்பூர் சாம்பிள்ல சிஎக்ஸ்சிஆர்4 ஜாஸ்தி, சிசிஆர்5 கம்மி"ன்னு ஒரு கிராஃப் வந்துச்சுன்னா அது திருப்பூர்க்காரங்களப் பத்தின சேதியா, பஸ்ஸப் பத்தின சேதியான்னு மொதல்ல கேளுங்க.

செய்ய வேண்டியது என்னன்னா, உள்ளூர் கன்ட்ரோல் சாம்பிளயும் அதே அளவு நேரம் அதே பெட்டில வெச்சிருந்து ஸ்டெயின் பண்ணணும். உள்ளூர் ஆள ஒம்பது மணிக்கு குத்தி பத்து மணிக்கு ஓட்டிட்டு, வெளியூர் ஆள மூணு மணிக்கு ஓட்டி ரெண்டையும் ஒப்பிடறது நாயமே இல்ல. பெட்டிக்குள்ள ஐஸு வேண்டாம், 20 டிகிரி சுமாருக்கு வெச்சா போதும், சித்திரை வைகாசில அதுக்கு ஃபேஸ் சேஞ்ச் பேக் கெடைக்குது, இல்லைன்னா ஐஸ் பேக்க துணில சுத்தி நடுவுல அட்டை வெச்சாலாவது நேரா படாம இருக்கும். ரத்தம் ஒறையாம இருக்க ட்யூப்புல இருக்கறது ஈடிடிஏவா ஹெப்பாரினான்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணி கடைசி வரைக்கும் அதையே ஓட்டுங்க, ஹெப்பாரின் கெமோகைன்கூட ஒட்டற சாமான், பாதில மாத்தினா டேட்டா ரெண்டாப் பொளந்துக்கும்.

மில் தொழிலாளிகள வெச்சு ஸ்டடி பண்றவங்களுக்கு இன்னொண்ணு. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு நேரா வந்து கை நீட்டறவரையும், ராத்திரி தூங்கி எந்திரிச்சு காலைல வரவரையும் ஒரே நேரத்துல குத்தினாலும் ஒடம்பு ஒரே நேரத்துல இருக்காது. கார்ட்டிசால் டி செல்லுல சிஎக்ஸ்சிஆர்4ஐ ஏத்தும், நெய்வ் டி செல்லு எண்ணிக்கையும் ராத்திரி பகல்னு ரத்தத்துல ஏறி எறங்கும். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் இதே கதைதான். ஃபார்ம்ல ஷிஃப்ட்டுக்கு ஒரு கட்டம், மாத்திரைக்கு ஒரு கட்டம் போட்டு வெச்சுக்குங்க, பின்னாடி கேட்டா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஸ்டிமுலேஷன் பண்ணதுக்கு அப்புறம் ரிசெப்டாரக் காணோம்

டி செல்ல உசுப்பி விடற பிஎம்ஏ, அயனோமைசின் போட்டு நாலஞ்சு மணி நேரம் வெச்சு, அது தயாரிக்கற ஐஎஃப்என்-காமா, ஐஎல்-17ங்கற சிக்னல் புரோட்டீனுங்களப் பாக்கறதுதான் வழக்கம், கூடவே சிஎக்ஸ்சிஆர்3, சிசிஆர்6, சிசிஆர்4 வெச்சு டிஎச்1, டிஎச்17, டிஎச்2ன்னு டி செல்ல வகை வகையாப் பிரிச்சா பேப்பருக்கு அழகா இருக்கும்னு ஆசை. ஆனா பிஎம்ஏ போட்டா செல்லு மேல இருக்கற பலதும் உள்ள போயிரும், சிஎக்ஸ்சிஆர்4 மொதல்ல போகும், சிடி4 கூட கொறைஞ்சு போயிருமே, கவனிச்சிருப்பீங்க. மேல ரிப்பேர் பண்ணி அனுப்பலாம்னு செல்லு பார்த்தா புரோட்டீன் வெளிய போறதத் தடுக்கற ப்ரெஃபெல்டின் போட்டு ரோட்ட அடைச்சு வெச்சிருப்பீங்க, புதுசும் மேல வராது.

வழி ரெண்டு இருக்குது. ஒண்ணு, ஸ்டிமுலேஷன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அந்த ஆன்டிபாடிய போட்டுடறது, இல்ல கல்ச்சர்லயே சேர்த்து விட்டுடறது. ரிசெப்டார் உள்ள போனாலும் ஒட்டுன கலரோட போகும், ஃப்ளோவுக்கு அது மேல இருக்குதா உள்ள இருக்குதான்னு தெரியாது, வெளிச்சம் வந்தா எண்ணிக்கும். ஆனா கலரு அத்தன மணி நேரம் சூட்டுல தாங்கணும், ரெண்டு கலர ஒண்ணா ஒட்ட வெச்ச டேண்டம் கலர் வேண்டாம். இன்னொண்ணு, ரிசெப்டார வெச்சு மொதல்ல சார்ட் பண்ணிட்டு, அதாவது செல்லப் பிரிச்சு எடுத்துட்டு, ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியா ஸ்டிமுலேட் பண்றது. சார்ட்டர் கையில இருக்கறவங்களுக்கு இதுதான் சுத்தமான வழி, மத்தவங்களுக்கு மொதல் வழியே போதும்.

ஸ்டிமுலேஷனே பண்ணாம கல்ச்சர்ல வெச்சதுக்கே காணாமப் போச்சுன்னா, கல்ச்சர்ல என்ன இருந்துச்சுன்னு பாருங்க. ஸ்ட்ரோமல் செல்லுகூட (திசுவத் தாங்கற செல்லு) வளர்த்தீங்கன்னா அது சிஎக்ஸ்சிஆர்4ல ஒட்டற கெமோகைனான சிஎக்ஸ்சிஎல்12 விடும், சிஎக்ஸ்சிஆர்4 எறங்கித்தான் ஆகும். மனுச சீரத்துல சிசிஎல்5 நெறைய இருக்கும், ரத்தம் ஒறையும்போது ப்ளேட்லெட்டு விட்டது அது. அதனால சிசிஆர்5 இருக்கற பேனல்ல மனுச சீரம் போட்டு ப்ளாக் பண்றத நான் தவிர்த்துருவேன், ஆன்டிபாடியோட வாலு தப்பான எடத்துல ஒட்டாம இருக்கறதுக்குன்னு விக்கற எஃப்சி ப்ளாக்கே போதும்.

ஃபிக்ஸ் பண்ணதுக்கு அப்புறம், லைஸ் பண்ணதுக்கு அப்புறம் காணோம்

இதுக்கு நீட்டி முழக்க ஒண்ணுமில்லைங்க. செல்ல ஃபிக்ஸ் பண்ண, அதாவது கெடாம நிறுத்தி வெக்க, போடற ஃபார்மால்டிஹைடு லூப்போட வடிவத்தக் கலைச்சுரும். சிவப்பணு ஒடைக்கற லைசிங் சொல்யூஷன்லயே ஃபார்மால்டிஹைடு கலந்தது உண்டு, பாட்டில் லேபிளப் படிச்சாத் தெரியும். ஸ்டெயின் மொதல்ல, லைசும் ஃபிக்சும் பின்னால. சிவப்பணுவ மொதல்ல ஒடைச்சே ஆகணும்னா அமோனியம் குளோரைடு லைஸ் போதும். செல்லுக்குள்ள இருக்கற ஃபாக்ஸ்பி3 பாக்கற பேனல்ல பர்ம் பண்ணதுக்கு, அதாவது சவ்வுல ஓட்டை போட்டதுக்கு, அப்புறம் சிசிஆர்4 போடறாங்க, அது வேண்டாத வேலை.

எல்லாமே பாசிட்டிவ், மோனோசைட்டு தீபாவளி கொண்டாடுது

மோனோசைட்டுல சிசிஆர்7 பாசிட்டிவ்னு சொல்லிக்கிட்டு சந்தோசமா வரவங்கள மொதல்ல ஒக்கார வெச்சு தண்ணி குடுக்கணும். இந்தத் துறைல ஓடற பிரபலமான க்ளோனுங்களப் பாருங்க, சிசிஆர்7க்கு ஜி043எச்7, சிஎக்ஸ்சிஆர்4க்கு 12ஜி5, சிசிஆர்5க்கு 2டி7, எல்லாமே மவுஸ் ஐஜிஜி2ஏங்கற ஆன்டிபாடி வகை. மோனோசைட்டு மேல இருக்கற சிடி64 அந்த ஐஜிஜி2ஏ ஆன்டிபாடியோட வாலப் புடிச்சுக்கும், ரிசெப்டார் இருக்கணும்னு அவசியமே இல்ல. ஆன்டிபாடி போடறதுக்கு முன்னாடி எஃப்சி ப்ளாக் போட்டு பத்து நிமிஷம் விடுங்க.

அது போட்டும் போகலைன்னா கலரப் பாருங்க. பிஇ-சை5, பிஇ-சை7, ஏபிசி-சை7 மாதிரி சயனின் சேர்ந்த டேண்டம் கலரு மோனோசைட்டுல நேராவே ஒட்டும், எஃப்சி ப்ளாக் அதத் தடுக்காது, அதுக்கு மோனோசைட் ப்ளாக்கர்னு தனியா விக்கறாங்க. பிரில்லியன்ட் வயலட் கலரு ரெண்டு மூணு ஒரே ட்யூப்ல போட்டா அதுக ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு டாட் பிளாட்டுல சாய்ஞ்ச கோடு கோடா வரும், காம்பன்சேஷன் தப்புன்னு நெனைச்சு இழுத்து இழுத்து சரி பண்ணாதீங்க, பிரில்லியன்ட் ஸ்டெயின் பஃபர் சேர்த்தா போயிரும்.

செத்த செல்லு எல்லாத்தையும் ஒட்டிக்கும்ங்கறது தெரிஞ்ச கதை, ஆனாலும் செத்தத காட்டிக் குடுக்கற வயபிலிட்டி டை இல்லாம ஓட்டிட்டு வராங்க. அரிய ரிசெப்டார் பாக்கறப்ப, சிசிஆர்9, சிசிஆர்10 மாதிரி, நீங்க பாசிட்டிவ்னு சொல்ற அந்த கொஞ்சூண்டு செல்லு பூராவும் செத்த செல்லா இருக்க வாய்ப்பு உண்டு. கேட்டு போடறதுக்கு எஃப்எம்ஓ, அதாவது அந்த ஒரு ஆன்டிபாடி மட்டும் இல்லாத ட்யூப், வெச்சுக்குங்க. ஐசோடைப், அதாவது எதையும் தேடிப் புடிக்காத அதே வகை ஆன்டிபாடி, வெச்சு கோடு கிழிக்கறது பழைய பழக்கம், பேக்ரவுண்ட் ஒட்டுதலான்னு சந்தேகம் வந்தா பார்த்துக்கலாம், கோடு கிழிக்க அது ஆகாது.

சிஎக்ஸ்சிஆர்7க்கு, ஏசிகேஆர்3ன்னு இப்ப சொல்றாங்களே அதுக்கு, தனியா ஒரு எச்சரிக்கை. வெள்ளணுவுல அது இருக்குதுன்னு ஆன்டிபாடிய வெச்சு நெறைய பேர் சொன்னதுக்கு அப்புறம், 2010ல வந்த ஒரு ஆய்வு மனுச வெள்ளணுவுலயும் எலி வெள்ளணுவுலயும் அந்த புரோட்டீனே இல்லைன்னு சொல்லிருச்சு. உங்களுக்கு ரத்தத்துல பாசிட்டிவ் வந்துச்சுன்னா ரிசெப்டார் இல்லாத செல் லைன், ஜீன் போட்ட செல் லைன் ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஓட்டாம வெளிய சொல்லாதீங்க.

ஒரே ஒரு பேஷன்ட்டுக்கு மட்டும், ஒரே ஒரு ரிசெப்டார் மட்டும் சுத்தமா இல்ல

இங்க மெஷின விட்டுட்டு கேஸ் ஷீட்டப் பாக்கணும். ஸ்டெம் செல் ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு செல்ல ரத்தத்துக்கு எறக்கி விட ப்ளெரிக்சஃபார் ஊசி போடறாங்க, 2008ல அமெரிக்காவுல அனுமதி ஆன மருந்து, நம்ம ட்ரான்ஸ்பிளான்ட் சென்டர்கள்லயும் போடறதுதான். அது சிஎக்ஸ்சிஆர்4ல போய் ஒக்காந்துக்கும். 12ஜி5 க்ளோன் ரெண்டாவது லூப்பு பக்கம் புடிக்கறது, மருந்து ஒக்காந்திருந்தா அதால புடிக்க முடியாது. மெஷின் நெகட்டிவ்னு சொல்லும், ரிசெப்டார் அங்கயேதான் இருக்கும். அப்ப 1டி9 க்ளோன் போடுங்க, அது என்-டெர்மினல் வாலப் புடிக்கறது, மருந்து அத மறைக்காது. ஆனா அதுலயும் ஒரு சிக்கல், செல்ல எறக்கறதுக்கே போடற ஜி-சிஎஸ்எஃப் ஊசி போட்டவங்களுக்கு நியூட்ரோஃபில் விடற எலாஸ்டேஸ்ங்கற என்சைம் அந்த வாலையே நறுக்கிரும், அப்ப 1டி9 கொறையும். ரெண்டு க்ளோனையும் தனித்தனி ட்யூப்ல போட்டுப் பார்த்தாத்தான் மருந்து மறைக்குதா, வாலு போச்சா, நெசமாவே ரிசெப்டார் எறங்கிருச்சான்னு பிரிச்சு சொல்ல முடியும்.

டி செல் லிம்ஃபோமாவுக்கு மொகமுலிசுமாப் போட்டவங்களுக்கு அந்த மருந்தே சிசிஆர்4க்கு எதிரான ஆன்டிபாடி. சிசிஆர்4 இருக்கற செல்ல அது கொன்னும் போடும், மிச்சம் இருக்கறதுல ஏறி ஒக்காந்தும் இருக்கும், உங்க க்ளோன் அதே எடத்த தேடுனா எடம் கெடைக்காது. மருந்துக்கு முன்னாடி எடுத்த சாம்பிள் இருந்தாத்தான் இதுல பேச முடியும்.

சிசிஆர்5 இல்லைன்னா ஒடனே டெல்டா32னு குதிக்கறவங்க இருக்காங்க. சிசிஆர்5 ஜீன்ல 32 பேஸ் அழிஞ்சு போன அந்த மாற்றத்த 1996ல கண்டுபுடிச்சாங்க, ரெண்டு காப்பியும் அப்படி இருந்தா செல்லு மேல சிசிஆர்5 இருக்காது, எச்ஐவில பெரும்பாலான வகை நுழையறது கஷ்டம். ஆனா அது வட ஐரோப்பாவுல இருக்கற சமாச்சாரம், நம்ம நாட்டுல அபூர்வம், ரெண்டு காப்பியும் இருக்கறது அதவிட அபூர்வம். கொங்கு நாட்டு சாம்பிள்ல சிசிஆர்5 வரலைன்னா மொதல்ல பஸ்ஸு, அப்புறம் ப்ளேட்லெட்டு, அப்புறம் வயலு, இதெல்லாம் தீந்ததுக்கு அப்புறம் பிசிஆர் போட்டு ஜீனப் பாருங்க.

செல் லைன், டிஷ்யூ, ஃப்ரீசர் செல்லு

தட்டுல ஒட்டி வளர்ற செல்ல ட்ரிப்சின் போட்டு எடுத்தா என்-டெர்மினல் வாலு போயிரும். ஈடிடிஏ போட்டு எடுங்க, இல்லைன்னா அக்யூட்டேஸ், அதுலயும் ஒருக்கா சோதிச்சுட்டு எடுங்க. கட்டி, குடல் சதைய கொலாஜனேஸ் போட்டு கரைக்கறவங்க, அதே கொலாஜனேஸ்ல அதே நேரம் சாதா ரத்த செல்லையும் ஊற வெச்சு ஸ்டெயின் பண்ணிப் பாருங்க. ரத்தத்துல இருந்த சிஎக்ஸ்சிஆர்3 அதுல காணாமப் போச்சுன்னா கட்டில இல்லைன்னு எழுத உங்களுக்கு உரிமை இல்ல.

லிக்விட் நைட்ரஜன்ல வெச்சு எடுத்த பிபிஎம்சில, அதாவது ரத்தத்துல இருந்து பிரிச்ச வெள்ளணுவுல, பல ரிசெப்டார் கொறைஞ்சு தெரியும். உருக்கி கழுவி ராத்திரி 37ல மீடியத்துல ஓய்வு குடுத்தா சிலது திரும்பி வரும், அதே நேரத்துல சிஎக்ஸ்சிஆர்4 வேண்டாத அளவுக்கு ஏறிரும். ஃப்ரெஷ் சாம்பிளையும் ஃப்ரீசர் சாம்பிளையும் ஒரே கிராஃப்ல கலக்காம இருந்தாலே போதும்.

போன மாசம் வரைக்கும் வந்துச்சு, இப்ப வரல

இப்பத்தான் வயல சந்தேகப்படலாம். பிஇ, ஏபிசி கலரு ஒட்டுன ஆன்டிபாடி ஃப்ரீசருக்குப் போயிருந்தா முடிஞ்சுது, கலர் செத்துரும். 2ல இருந்து 8 டிகிரி, வெளிச்சம் படாம, அவ்வளவுதான். டேண்டம் கலரு ஒடைஞ்சா ஒரு அடையாளம் இருக்குது, பிஇ-சை7 எறங்கும், அதே நேரம் பிஇ ஏறும், பிஇல எதுவும் போடாத ட்யூப்ல கூட. கரண்ட் கட்டு ஆகி ஜெனரேட்டர் எடுக்காம ஃப்ரிட்ஜ் சூடான வாரம் எதுன்னு லாக் புக்குல பார்த்தா பல மர்மம் தீரும். சும்மா ஒரு ஐஜிஜி ஆன்டிபாடி ஒண்ணு ரெண்டு நாள் ஐஸு கரைஞ்சு வந்தாலும் பெருசா ஒண்ணும் ஆயிராது, டேண்டம்தான் பொசுக்குன்னு போகும். ஆர்டர் போடும்போதே திங்கள் செவ்வாய்ல அனுப்பச் சொல்லுங்க, வெள்ளிக்கெழமை அனுப்புனா பார்சல் குடோன்ல சனி ஞாயிறு வெந்துதான் வரும், பொங்கல் வாரம்னா கேக்கவே வேண்டாம்.

லாட் (ஒரே தடவைல தயாரிச்ச சரக்கு) மாறுனா பழைய வயல்ல மிச்சம் இருக்கும்போதே ரெண்டையும் ஒரே ரத்தத்துல ஓட்டி எடுத்து வெச்சுக்குங்க. பழசு காலியானதுக்கு அப்புறம் ஒப்பிட ஒண்ணும் இருக்காது.

ஃப்ளோல வருது, வெஸ்டர்ன்ல வரல

வராதுங்க. வெஸ்டர்ன்ங்கறது புரோட்டீன ஜெல்லுல ஓட்டிப் பிரிச்சு ஆன்டிபாடியால கண்டுபுடிக்கறது. 12ஜி5 மாதிரி வடிவத்தப் புடிக்கற க்ளோனுக்கு எஸ்டிஎஸ்ங்கற சோப்புல கொதிச்சு நீட்டமாப் போன புரோட்டீன் அடையாளமே தெரியாது. வெஸ்டர்னுக்குன்னு சோதிச்ச வேற ஆன்டிபாடி வாங்கணும். அத வாங்குனாலும் சாம்பிள 95 டிகிரில கொதிக்க வெக்காதீங்க, ஏழு தடவை சவ்வுக்குள்ள போற புரோட்டீன் கொதிச்சா ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கிட்டு ஜெல்லுல சாம்பிள் ஊத்தற கிணத்து வாயிலயே நின்னுக்கும், 40 கிலோடால்டன் பக்கம் ஒண்ணும் எறங்காது. 37 டிகிரில அரை மணி நேரம் வெச்சு ஏத்திப் பாருங்க. பேண்டு வந்தாலும் ஒண்ணுக்கு ரெண்டா மூணா வரும், சர்க்கரை ஒட்டுனது ஒட்டாததுன்னு. ரிசெப்டார் இல்லாத ஒரு செல் லைன பக்கத்து கிணத்துல ஏத்தியிருந்தீங்கன்னா எது நெசம்னு அதுலயே தெரிஞ்சு போகும்.